எங்கள் திரையிலிருந்து எடுத்த பட்டையைத் திருப்பித் தாருங்கள்

காற்றாலை மின்னுற்பத்தியை முன்கணிக்கும் இயந்திரக் கற்றல் மாடல்களை உருவாக்கும் பொறியாளர்களுக்கும், அந்தக் கணிப்பு எந்த வடிவில் எங்கள் கைக்கு வர வேண்டும் என்று முடிவு செய்யும் நிர்வாகிகளுக்கும்,

உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த அன்று இரவு ஷிஃப்டில் இருந்தவன் நான். திரையைத் திறந்ததும், அதுவரை இருந்த ஒன்று காணாமல் போயிருந்தது. அடுத்த 48 மணி நேரத்துக்கான கணிப்புக் கோட்டைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு பட்டை இருக்கும். பட்டை ஒடுங்கியிருந்தால் கோட்டை நம்பிப் போகலாம். அகன்றிருந்தால் எதுவும் நடக்கலாம், மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பில் அந்தப் பட்டை இல்லை. ஒற்றைக் கோடும், மேல் மூலையில் ‘துல்லியம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விழுக்காடும்தான் இருந்தன. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டோம். பட்டை பயனர்களைக் குழப்புகிறது என்று பதில் வந்தது.

அந்தப் பயனர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாகக் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். குழப்புகிறதா என்று என்னையோ என்னுடன் வேலை பார்ப்பவர்களையோ யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்களுக்கு வேலையை எளிதாக்கியதே அந்தப் பட்டைதான் என்று சொல்லியிருப்போம். எந்த இரவில் நிம்மதியாக உட்காரலாம், எந்த இரவில் மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே போன் போட்டு எச்சரித்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அதன் அகலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்து வந்தோம்.

பழைய பட்டையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சில நாட்கள் அது இருக்க வேண்டியதைவிட ஒடுங்கியிருக்கும், அதைப் பற்றி நாங்களே புகார் அனுப்பியிருக்கிறோம். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் கேட்டோம். எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவில்லை.

புதிய பதிப்பு வந்து மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அன்று மாலையிலிருந்தே காற்று பலமாக இருந்தது. எல்லா டர்பைன்களும் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. உங்கள் கோடு, நள்ளிரவுக்குப் பின் உற்பத்தி மெதுவாக இறங்கி விடியும்போது பாதிக்கு வரும் என்று காட்டியது. சரி, காற்று தணியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோட்டைப் பார்த்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

காற்று தணியவில்லை, ஏறியது. இரண்டு மணி வாக்கில் முன்வரிசை டர்பைன்கள் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டிய காற்றைப் பார்த்தன. அந்த வேகத்தில் எங்கள் டர்பைன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறக்கைகளைக் காற்றுக்கு ஓரமாகத் திருப்பி நின்றுவிடும். ஒன்று நின்றது, பக்கத்தில் இருந்தது நின்றது, அப்புறம் அடுத்த வரிசை. 20 நிமிடத்துக்குள் பெரும்பாலானவை நின்றுவிட்டன. முழு உற்பத்தியிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத நிலைக்கு வந்துவிட்டோம். மின்தொகுப்புக்காரர்கள் போனில் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். மிச்சம் இருப்பதும் நிற்குமா? திரும்ப எப்போது வரும்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. காற்று 25-க்குக் கொஞ்சம் கீழே இறங்கியதும் டர்பைன் உடனே ஓடாது. நன்றாக இறங்கி, சற்று நேரம் அப்படியே இருந்தால்தான் திரும்பக் கிளம்பும். அந்த நேரக் கணக்குக்கும் திரையில் எதுவும் இல்லை.

மறுநாள் அந்த இரவின் கோப்புகளைக் கேட்டோம், நீங்களும் மறைக்காமல் அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மாடலுக்குள் போனது ஒற்றை வானிலைக் கணிப்பு அல்ல, ஒரே இரவுக்கான பல கணிப்புகளின் தொகுப்பு. அதில் ஒரு பகுதி காற்று 25-க்குக் கீழேயே இருக்கும் என்றது. இன்னொரு பெரும் பகுதி 25-ஐத் தாண்டும் என்றது. அதாவது, ஒன்று முழு உற்பத்தி தொடரும், அல்லது எல்லாம் நின்றுபோகும். இந்த இரண்டில் ஏதோ ஒன்று நடக்கும் என்பது முந்தைய நாள் மதியமே உங்கள் கணினிக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, ‘பாதி உற்பத்தி’ என்று ஒரு கோட்டை எங்களுக்கு அனுப்பினீர்கள். அந்த இரவில் நடக்க வாய்ப்பே குறைவாக இருந்த ஒன்றை அந்தக் கோடு நடக்கும் என்று சொன்னது. பட்டை இருந்திருந்தால் அது சுழியத்திலிருந்து முழுத் திறன் வரை அகன்று கிடந்திருக்கும். அதைப் பார்த்த கணமே நான் போனை எடுத்திருப்பேன்.

வானிலைக் கணிப்பைத் தொகுப்பாகத் தருவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் 1992-லிருந்து அப்படித்தான் செய்கிறது. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஓட்டிய 50 கணிப்புகளும், மாற்றாமல் ஓட்டிய ஒன்றுமாக இப்போது 51 கணிப்புகள் ஒன்றாக வருகின்றன. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதே ஒரு செய்தி. 2024 டிசம்பரில் வெளியான ஜென்காஸ்ட் போன்ற செயற்கை நுண்ணறிவு வானிலை மாடல்களும் ஒரே ஒரு நாளையைச் சொல்லாமல் பல சாத்தியங்களைத்தான் தருகின்றன. காற்றாலைக் கணிப்பிலும் இதே கதைதான். 2014-ஆம் ஆண்டின் உலக எரிசக்தி முன்கணிப்புப் போட்டியில் காற்றாலைப் பிரிவில் கலந்துகொண்டவர்களிடம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 99 விழுக்காட்டு எல்லைகளைக் கேட்டார்கள். இவ்வளவு உற்பத்திக்குக் கீழே போக 1 விழுக்காடு வாய்ப்பு, இவ்வளவுக்குக் கீழே போக 2 விழுக்காடு வாய்ப்பு என்று 99 வரை. இதற்கு அடிப்படையான குவாண்டைல் ரெக்ரஷன் முறை 1978-லேயே வந்துவிட்டது. இதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எங்கள் திரைக்கு ஒற்றை எண்ணை அனுப்புகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

காற்றில் சிறு பிழையும் மின்சாரத்தில் பெரிய பிழையாவது ஏன் என்று நிர்வாகிகளுக்காகச் சொல்கிறேன். காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்றால் 8-ஐ மூன்று முறை பெருக்கி 512. 9 மீட்டர் என்றால் 729. வானிலைக் கணிப்பு ஒரே ஒரு மீட்டர் பிசகினால் காற்றில் இருக்கும் ஆற்றல் 42 விழுக்காடு மாறிவிடுகிறது. டர்பைன் ஓடத் தொடங்கும் 3, 4 மீட்டருக்கும், முழுத் திறனை எட்டும் 12, 13 மீட்டருக்கும் நடுவில் உள்ள அந்தச் செங்குத்தான ஏற்றத்தில்தான் எங்கள் பெரும்பாலான மணி நேரங்கள் கழிகின்றன. முழுத் திறனை எட்டிய பிறகு ஒரு மீட்டர் பிசகினால் ஒன்றும் ஆகாது. 25-க்குப் பக்கத்தில் போனால் அதே ஒரு மீட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆகவே எல்லா மணி நேரங்களும் ஒரே அளவு நிச்சயமானவை என்பதுபோல ஒற்றைக் கோடு போடுவது காற்றாலையின் இயல்புக்கே பொருந்தாது.

அடுத்து, அந்த ‘துல்லியம்’ எண். அது எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சராசரிப் பிழையை நிறுவு திறனால் வகுத்து, 100-லிருந்து கழித்திருக்கிறீர்கள். ஓர் எளிய கணக்கு. 100 மெகாவாட் திறனுள்ள காற்றாலை சராசரியாக 30 மெகாவாட் தருகிறது, கணிப்பு சராசரியாக 10 மெகாவாட் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறையில் அது 90 விழுக்காடு துல்லியம். தந்த மின்சாரத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு பிழை. காற்றே இல்லாத இரவுகளில் சுழியம் என்று கணித்து, சுழியமே வந்து, அந்த மணி நேரங்களெல்லாம் 100 விழுக்காடாகச் சேர்ந்து சராசரியை இன்னும் தூக்கிவிடுகின்றன. அந்த இரவுகளில் எனக்கு எந்தக் கணிப்பும் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட மணி நேரங்கள் ஆண்டில் கொஞ்சம்தான், அவையோ சராசரியில் கரைந்து போகின்றன.

இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் இருக்கிறது. பிழைகளின் வர்க்கச் சராசரியைக் குறைப்பதற்காகவே பழக்கிய மாடல் துணிந்து எதையும் சொல்லாது. ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் முதல் இரண்டு மணி நேரம் 90 மெகாவாட், பிறகு சடாரென்று 20-க்கு இறங்கி மிச்ச நான்கு மணி நேரமும் அதே 20. ஒரு கணிப்பு அந்தச் சரிவை அப்படியே சொல்கிறது, ஆனால் இரண்டு மணி நேரம் தாமதமாக. இன்னொரு கணிப்பு ஆறு மணி நேரத்துக்கும் 55 என்று தட்டையாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது. முதலாவதற்கு இரண்டு மணி நேரம் 70 மெகாவாட் பிழை, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 9,800. இரண்டாவதற்கு ஆறு மணி நேரமும் 35 பிழை, வர்க்கக் கூட்டு 7,350. இந்த வர்க்கக் கணக்கில் தட்டைக் கோடு ஜெயிக்கிறது. ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ முதல் கணிப்புதான் உயிர். பெரிய சரிவு ஒன்று வருகிறது, மதியத்துக்குப் பக்கத்தில் எங்கோ என்று தெரிந்தால் போதும், நான் தயாராகிவிடுவேன். தட்டைக் கோடு எனக்கு எதையும் சொல்லவில்லை. உங்கள் மாடல் ஒவ்வொரு பதிப்பிலும் மேலும் மேலும் வழுவழுப்பாகிக்கொண்டே போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மதிப்பெண் ஏறுகிறது, கோட்டில் செய்தி குறைகிறது.

சோதனை செய்யும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் விளக்கக் கூட்டத்தில் உண்மை உற்பத்தியும் கணிப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோல ஒரு வரைபடத்தைக் காட்டினீர்கள். எந்தக் காற்று வேகத்தைக் கொடுத்தீர்கள் என்று எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் கேட்டபோதுதான், அதே நேரத்தில் டர்பைன் தலையில் அளந்த வேகம் என்று தெரிந்தது. இப்போது வீசும் காற்றை அளந்து இப்போதைய மின்சாரத்தைச் சொல்வதற்கு வேறு பயன் உண்டு. டர்பைன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கலாம். முன்கணிப்புக்கு அது சான்றாகாது. நாளைய காற்றை அளக்க யாராலும் முடியாது. முந்தைய நாள் கையில் இருந்த வானிலைக் கணிப்பை மட்டும் கொடுத்து ஓட்டிக் காட்டினால்தான் அது சோதனை. போதாக்குறைக்கு, பத்து நிமிடப் பதிவுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் எடுத்திருந்தீர்கள். 10:10 பதிவைப் பார்த்துப் பழகிய மாடலிடம் 10:20 என்ன என்று கேட்டால் சரியாகத்தான் சொல்லும். காலத்தை நடுவில் வெட்டி, முந்தியதில் பழக்கி, பிந்தியதில் சோதியுங்கள். அத்துடன், இப்போது உள்ளதே தொடரும் என்ற வெறும் அனுமானத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முதல் ஓரிரு மணி நேரங்களுக்கு அந்த எளிய அனுமானத்தைத் தோற்கடிப்பது எவ்வளவு கடினம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

புதிய பதிப்பில் இன்னொன்றையும் எடுத்துவிட்டீர்கள். டர்பைன் நின்றால் காரணத்தைக் குறிக்க எங்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. பராமரிப்பு, பழுது, மின்தொகுப்பின் உத்தரவால் உற்பத்தி குறைப்பு, இறக்கையில் பனி என்று ஷிஃப்டில் இருப்பவர் தேர்ந்தெடுப்பார். கையால் நிரப்புவது நம்பகமில்லை, மாடல் தானே கற்றுக்கொள்ளும் என்று சொன்னீர்கள். அது என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? விடுமுறை நாள் மதியங்களில் மின்தேவை குறைவாக இருப்பதால் எங்களுக்கு அடிக்கடி குறைப்பு உத்தரவு வரும். நல்ல காற்று இருக்கும், நாங்கள்தான் குறைத்து ஓட்டுவோம். காரணம் பதிவில் இல்லாமல் போனதும், விடுமுறை மதியம் என்றாலே உற்பத்தி குறைவு என்று மாடல் முடிவு கட்டிவிட்டது. உத்தரவே வராத ஒரு விடுமுறை நாளில் கோடு பாதிக்கும் கீழே கிடந்தது, நாங்கள் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தோம். எங்கள் கையெழுத்தைக் காற்றின் குணம் என்று மாடல் படித்துவிட்டது.

134 டர்பைன்களின் பதிவுகளை வைத்து 2022-இல் நடந்த கேடிடி கோப்பை என்ற தரவு ஆய்வுப் போட்டியில் இதற்கென்றே விதி வைத்திருந்தார்கள். காற்று நொடிக்கு 2.5 மீட்டருக்கு மேல் வீசியும் மின்சாரம் சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், அல்லது இறக்கையின் கோணம் 89 பாகையைத் தாண்டியிருந்தால், அந்த நேரப் பதிவை ‘தெரியாதது’ என்று ஒதுக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான் முடியும். உங்களுக்கோ, உள்ளே உட்கார்ந்து காரணத்தைத் தெரிந்து சொல்லக்கூடிய ஆட்கள் மூன்று ஷிஃப்டிலும் இருக்கிறோம். எங்கள் கட்டத்தைப் பிடுங்கிவிட்டு ஊகத்தை நம்புகிறீர்கள்.

இயந்திரக் கற்றலே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். மாடல் வருவதற்கு முன் வானிலை வரைபடத்தையும் பழைய அனுபவத்தையும் வைத்து நாங்கள் சொன்ன எண்கள் எவ்வளவு தவறின என்பது எனக்கு நினைவிருக்கிறது. 2019-இல் டீப்மைண்டும் கூகுளும் 700 மெகாவாட் காற்றாலைகளுக்கு 36 மணி நேரம் முன்னதாகக் கணித்து, அந்த மின்சாரத்தின் மதிப்பை ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்த்தியதாக அறிவித்தபோது எங்கள் அறையில் அதைப் படித்து மகிழ்ந்தோம். எங்களுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டவர்களில் நானும் உண்டு.

ஆனால் நல்ல கணிப்பு எங்கேயோ இருப்பதும், அது முடிவெடுப்பவரின் கைக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. 2008 பிப்ரவரி 26 மாலை டெக்சஸ் மின்தொகுப்பில் காற்றாலை உற்பத்தி மூன்று மணி நேரத்தில் 1,700 மெகாவாட்டுக்கு மேலிருந்து சுமார் 300-க்கு இறங்கியது. அதே நேரத்தில் மாலைத் தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது, மற்ற மின்நிலையங்களும் சொன்ன அளவைத் தரவில்லை. கடைசியில், ஒப்பந்தப்படி மின்சாரத்தை விட்டுக்கொடுக்கும் பெரிய நுகர்வோரை நிறுத்தித்தான் நிலைமையைச் சமாளித்தார்கள். அப்போது சோதனையில் இருந்த ஒரு காற்றாலைக் கணிப்பு அந்தச் சரிவை முன்பே காட்டியிருந்தது. கட்டுப்பாட்டு அறை அதைப் பயன்படுத்தும் நிலைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அவர்களுக்கு அந்த ஏற்பாடு புதிது. எங்களுக்கோ கைக்கு வந்து பழகிய ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

எனவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

அடுத்த பதிப்பு வரை காத்திருக்கச் சொல்லாமல், பட்டையை உடனே திரையில் திரும்பக் கொண்டுவாருங்கள். குறைந்தது 10, 50, 90 விழுக்காட்டு எல்லைகள் வேண்டும். உற்பத்தி இரண்டு வேறு வழிகளில் போகக்கூடிய இரவுகளில், குறிப்பாகக் காற்று 25 மீட்டரை நெருங்கும்போது, சராசரி எடுக்காமல் இரண்டு வழிகளையும் அவற்றின் வாய்ப்போடு தனித்தனியாகக் காட்டுங்கள். அடுத்த ஆறு மணி நேரத்தில் பெரிய ஏற்றமோ சரிவோ வர எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். நேரம் ஓரிரு மணி முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

மூலையில் உள்ள ‘துல்லியம்’ எண்ணை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை எங்களுக்கு ஓர் அறிக்கை தாருங்கள். 10-க்கும் 90-க்கும் நடுவில் உள்ள பட்டைக்குள் உண்மை உற்பத்தி 100 மணி நேரத்தில் ஏறத்தாழ 80 மணி நேரம் விழுந்ததா, சரிவு வந்த நாட்களில் எத்தனையை முன்பே சொன்னீர்கள், எத்தனை முறை வீணாக எச்சரித்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வானிலை மையம் தன் மாடலை மாற்றும்போதும், எங்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் புதிய டர்பைன்கள் நிற்கும்போதும் உங்கள் மாடலை மீண்டும் பழக்கி, பழக்கிய தேதியையும் எங்களிடம் சொல்லுங்கள்.

நிறுத்தக் காரணம் குறிக்கும் கட்டத்தைத் திருப்பித் தாருங்கள். நாங்கள் ஒழுங்காக நிரப்புவதில்லை என்ற புகாரில் உண்மை இருக்கிறது. அவசர நேரத்தில் தவறவிட்டிருக்கிறோம். இனி ஷிஃப்ட் முடிவதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் எழுதிவிட்டே எழுந்திருப்போம் என்று என் சக ஊழியர்களிடம் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் இதைக் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. திரையில் எதையாவது சேர்ப்பதற்கோ எடுப்பதற்கோ முன் ஓர் இரவு ஷிஃப்டில் வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள். காற்று மோசமாக இருக்கும் இரவாகப் பார்த்து வாருங்கள். தேதியை நாங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால், எங்களுக்கு அந்தப் பட்டை தேவைப்படும்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் சார்பில் ஒருவன்